மான்ஹைமில் ஒரு பருவம்: ஜெர்மன் மேலாண்மைக் கல்லூரிக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு பருவம் என்றால் ஆறு மாதம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். மான்ஹைம் பல்கலைக்கழகத்தின் இலையுதிர்காலப் பருவமோ செப்டம்பர் தொடக்கத்தில் வகுப்புகளோடு ஆரம்பித்து, டிசம்பர் தொடக்கத்தில் வகுப்புகள் நின்று, அதையடுத்துத் தேர்வுகளும் நடந்து, கிறிஸ்துமஸுக்கு முன்பே பெரும்பாலானோர் பெட்டி கட்டும் நிலைக்கு வந்துவிடுகிறது. இந்த நான்கு மாதத்தில் முதல் மூன்று வாரங்களை அலுவலக வரிசைகளில் தொலைத்தவருக்குப் படிப்பதற்கும் ஊரை அறிவதற்கும் மிஞ்சுவது சொற்பமே. ஜெர்மனியில் ஒவ்வொரு தாளும் அடுத்த தாளுக்குச் சாவியாக இருப்பதால், எதைச் செய்வது என்பதைவிட எந்த வரிசையில் செய்வது என்பதே முக்கியம். இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பின்பற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

எடுத்துக்காட்டாக மான்ஹைமைக் கொண்டாலும், விசா, முகவரிப் பதிவு, காப்பீடு, தேர்வு முறை ஆகியவை பற்றிச் சொல்லப்படுபவை கோப்லென்ஸ் அருகே ஃபாலண்டாரில் இருக்கும் டபிள்யூஎச்யூ, லைப்சிக் நகரின் எச்எச்எல் போன்ற தனியார் மேலாண்மைக் கல்லூரிகளுக்குச் செல்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: கல்லூரிக்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவரையும், கோடைக்காலப் பருவ வகுப்புகள் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை வரையும் நடக்கின்றன. இந்தியக் கல்லூரிகளில் ஜூலையில் ஒரு பருவமும் ஜனவரியில் இன்னொன்றும் தொடங்குவதால், குளிர்காலப் பருவத்துக்குச் செல்லும் மாணவர் ஊர் திரும்பும்போது அடுத்த பருவத்தின் முதல் மாதம் கடந்துபோயிருக்கும். மான்ஹைம் 2006-ஆம் ஆண்டிலேயே தன் நாட்காட்டியைப் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒத்துப்போகும்படி மாற்றிக்கொண்டு, இலையுதிர்காலப் பருவத்தைச் செப்டம்பரிலும் வசந்தகாலப் பருவத்தைப் பிப்ரவரியிலும் தொடங்குகிறது. இறுதியாண்டில் வேலைவாய்ப்பு முகாம்கள் ஜனவரியில் நடக்கும் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே தீர்மானிக்கும் காரணமாகிவிடலாம். தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தத்தம் நாட்காட்டியை வைத்திருக்கின்றன. வகுப்பு தொடங்கும் நாளை மட்டுமல்லாமல், கடைசித் தேர்வு நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மான்ஹைமைப் பரிந்துரைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1907-இல் வணிக உயர்கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அது. வணிகப் படிப்பு அங்கே பிற்காலத்தில் ஒட்டப்பட்ட துறையன்று, பல்கலைக்கழகத்தின் வேரே அதுதான். ரைன் நதிக்கு அப்பால் லுட்விக்ஸ்ஹாஃபெனில் வேதிப்பொருள் நிறுவனமான பிஏஎஸ்எஃப், சற்றுத் தெற்கே வால்டோர்ஃபில் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி, நகரத்துக்குள்ளேயே 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வாகனத்தின் வரலாறு என, பாடப் புத்தகத்தில் வாசிக்கும் தொழில்கள் அருகிலேயே நிற்கின்றன. வகுப்புகளில் பல, பதினெட்டாம் நூற்றாண்டு அரண்மனையின் கூடங்களில் நடக்கின்றன.

இரண்டாம் படி: நாமினேஷனும் பாட ஒப்பந்தமும்

பரிமாற்ற மாணவர் நேரடியாக ஜெர்மன் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதில்லை. உங்கள் கல்லூரியின் பன்னாட்டுத் தொடர்பு அலுவலகம் முதலில் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். அதன்பிறகே ஜெர்மன் தரப்பு உங்களுக்கு விண்ணப்ப இணைப்பை அனுப்பும். இலையுதிர்காலப் பருவத்துக்கான இந்த வேலைகள் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால், முந்தைய டிசம்பரிலேயே உங்கள் கல்லூரியில் பேசத் தொடங்கிவிட வேண்டும். இரு கல்லூரிகளுக்கும் இடையிலான பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் வருபவர் தன் கல்லூரியிலேயே கல்விக் கட்டணத்தைச் செலுத்துகிறார், ஜெர்மன் கல்லூரியில் செலுத்துவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பட்டப் படிப்பு மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. ஒப்பந்தப்படி வரும் பரிமாற்ற மாணவரிடம் அது கேட்கப்படுவதில்லை. மாணவர் நலச் சேவைகளுக்கான சிறு பருவக் கட்டணம் மட்டும் உண்டு.

இந்தக் கட்டத்தில் கவனம் அனைத்தையும் பாட ஒப்பந்தத்தில் செலுத்துங்கள். லேர்னிங் அக்ரிமென்ட் எனப்படும் இந்தத் தாளில் நீங்கள் அங்கே படிக்கப்போகும் பாடங்கள், அவற்றுக்கு ஈடாக உங்கள் கல்லூரி ஏற்கும் பாடங்கள், நீங்கள், உங்கள் கல்லூரி, ஜெர்மன் கல்லூரி என மூன்று தரப்பின் கையெழுத்து ஆகியவை இருக்கும். ஐரோப்பாவில் ஒரு முழுப் பருவத்தின் சுமை, இசிடிஎஸ் எனப்படும் ஐரோப்பியப் பாடப்புள்ளி முறையில் 30 புள்ளிகள். ஒரு புள்ளி என்பது வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உங்கள் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்றால், 6 புள்ளிப் பாடம் ஒன்று 4 கிரெடிட்டுக்கு ஈடாகும். இந்தக் கணக்கை உங்கள் கல்லூரி எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். "போய் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று துறைத் தலைவர் வாயால் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கக்கூடும்.

மதிப்பெண் மாற்றத்தையும் இப்போதே பேசி முடியுங்கள். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை, 5.0 தோல்வி. 2.3 என்ற மதிப்பெண்ணை முதன்முதலில் பார்க்கும் நம் ஊர் அலுவலர் அதை மோசமான மதிப்பெண் என்று நினைத்துவிடுவது நடந்திருக்கிறது. பவேரியச் சூத்திரம் என்று அறியப்படும் கணக்கு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் கல்லூரியில் உச்ச மதிப்பெண் 10, தேர்ச்சி மதிப்பெண் 5 என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, 3-ஆல் வகுத்து, அதை 10-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 5-ஆல் பெருக்கி, வரும் விடையை 10-லிருந்து கழிக்க வேண்டும். 2.3 என்பது அப்போது ஏறத்தாழ 7.8 ஆகிறது, 1.0 முழுதாகப் 10, 4.0 என்பது 5. இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, பாட ஒப்பந்தத்தோடு இணைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தேவைக்கு மேல் இரண்டு பாடங்களை மாற்றாக எழுதிவையுங்கள். இடம் நிரம்பிவிடுதல், நேரம் மோதுதல், முன்தகுதிப் பாடம் கேட்கப்படுதல் ஆகியவற்றால் பட்டியல் மாறாமல் இருப்பது அரிது. என் கருத்தில் நான்கு வணிகப் பாடங்களும் ஒரு ஜெர்மன் மொழிப் பாடமும் சரியான சுமை. ஆங்கிலத்திலேயே எல்லாம் நடந்துவிடும் என்று மொழிப் பாடத்தைத் தவிர்ப்பவர் வகுப்பறைக்குள் சிரமப்படமாட்டார். அஞ்சலில் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் யாரிடமாவது காட்டிப் பொருள் கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாம் படி: விசா, பணம், காப்பீடு

தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கும் இந்திய, இலங்கை மாணவர்களுக்குத் தேசிய விசா தேவை. அதன் கட்டணம் 75 யூரோ. சேர்க்கைக் கடிதம் மே அல்லது ஜூனில் வந்து, ஆகஸ்ட் நடுவில் விமானம் ஏற வேண்டியிருக்கும்போது இடையில் இருப்பது பத்து வாரம்; விசா முடிவுக்கே சில வேளைகளில் அத்தனை காலம் ஆகும். எனவே கடிதம் கைக்கு வரும் வரை காத்திராமல் மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்தியாவிலிருந்து பட்டப் படிப்புக்குச் செல்வோரிடம், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பரிமாற்ற மாணவருக்கான விசா ஆவணப் பட்டியல் அதிலிருந்து தனியானது என்பதால், முகவர்கள் சொல்வதைக் கேட்காமல், சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகமோ கொழும்புத் தூதரகமோ வெளியிட்டிருக்கும் பட்டியலை நேரடியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாளை அடுக்குங்கள்.

செலவைச் சமாளிக்கப் பணம் இருக்கிறது என்று காட்டுவதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஷ்பெர்கோன்டோ எனப்படும் முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்ற அளவு நடைமுறைக்கு வந்தது. தொகை பின்னர் மாறக்கூடும் என்பதால் பணம் அனுப்பும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு பருவத்துக்குச் செல்பவர் ஓராண்டுத் தொகை முழுவதையும் போட வேண்டியதில்லை. தங்கும் மாதங்களுக்கு மட்டும் போதும். ஐந்து மாதமென்றால் 4,960 யூரோ. இந்தப் பணம் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்து ஒரு நடப்புக் கணக்கைத் திறந்த பிறகுதான் மாதந்தோறும் அதில் விடுவிக்கப்படும். முதல் மாதத்துக்கு வேண்டிய வாடகை, அறை முன்பணம், சாப்பாடு ஆகியவற்றுக்குக் குறைந்தது 1,500 யூரோ வேறு வழியில் கையில் இருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: கணக்கில் ஐயாயிரம் யூரோ இருக்கும், தலையணை வாங்கக் காசு இருக்காது.

விசா விண்ணப்பத்தில் வருகை நாளாக, பருவத்துக்கு முன் ஆகஸ்டில் நடக்கும் மொழி வகுப்பு தொடங்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முந்தைய தேதியையும், திரும்பும் நாளாகக் கடைசித் தேர்வுக்குப் பல வாரங்கள் பிந்தைய தேதியையும் எழுதுங்கள். இரண்டாம் தேர்வு வாய்ப்புக்காகத் தங்க நேர்ந்தால் அந்த வாரங்கள் கைகொடுக்கும். ஒரு பருவத்துக்கு மட்டும் வருபவர்களுக்கு விசாவையே முழுக் காலத்துக்கும் வழங்குவது உண்டு. அப்படிக் கிடைத்தால் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்காக நேரம் கேட்டுக் காத்திருக்கும் வேலை இல்லாமல் போகிறது. விசாவில் உள்ள தேதிகளை, கடவுச்சீட்டைத் திரும்பப் பெறும் இடத்திலேயே நின்று வாசித்துப் பாருங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஜெர்மனியில் மாணவராகப் பதிய முடியாது. முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் சட்டப்படியான பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். அது மாதத்துக்கு ஏறத்தாழ 140 முதல் 155 யூரோ வரை வரும். மலிவான தனியார் பயணக் காப்பீட்டைக் காட்டி இதிலிருந்து விலக்குப் பெற முயல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒருமுறை பெற்ற விலக்கு அந்தப் படிப்புக் காலம் முழுவதற்கும் கட்டுப்படுத்தும், நடுவில் மனம் மாறிப் பொதுக் காப்பீட்டுக்குள் வர இயலாது. பல்லில் வலி வந்து, கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பதைவிட மாதம் 140 யூரோ மலிவு என்பது என் உறுதியான கருத்து. அதே நேரத்தில், பொதுக் காப்பீடு பருவம் தொடங்கும் நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். ஆகஸ்ட் மாத மொழி வகுப்புக் காலம் அதில் அடங்காமல் போகலாம். அந்த இடைவெளிக்கு விமானம் ஏறும் நாளிலிருந்து பயணக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

நான்காம் படி: அறை

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் நலச் சேவை அமைப்பான ஸ்டுடீரெண்டன்வெர்க்கின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்படுவதால், கெடுவுக்குள் கேட்பவருக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. வாடகை பொதுவாக 300 முதல் 450 யூரோவுக்குள் அடங்கும்; சூடேற்றல், தண்ணீர், இணையம் எல்லாம் அதிலேயே சேர்ந்திருக்கும். வெளியில் தேடுபவர்கள் வே-கே எனப்படும் பகிர்வு வீடுகளில் ஓர் அறையை, வெளிநாடு சென்றிருக்கும் ஜெர்மன் மாணவரிடமிருந்து சில மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வது நல்ல வழி.

வெளியறை எடுப்பவர் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: இந்த முகவரியில் நான் பதிவு செய்துகொள்ளலாமா? முடியாது என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம்; காரணம் அடுத்த படியில் வருகிறது. அறையையோ காணொளி வழியாக வீட்டுக்காரரையோ பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல், முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்பவர் ஏமாற்றுக்காரர் என்றே முடிவுசெய்யலாம். சட்டப்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது.

ஐந்தாம் படி: முதல் பத்து நாள்

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தின் தொலைதூர ரயில் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் மான்ஹைம் சுமார் 35 நிமிடம். மையத் தொடருந்து நிலையத்திலிருந்து அரண்மனை நடந்துபோகும் தூரம். நகரத்தின் நடுப்பகுதியில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரிகள் "எல் 5, 4" என்பது போல இருக்கும். எல் 5 என்பது ஒரு கட்டடச் சதுரம், 4 என்பது அதைச் சுற்றி எண்ணிக்கொண்டு வரும்போது கிடைக்கும் வீட்டு எண். அரண்மனைக்கு முதுகைக் காட்டி நின்றால் இடப்புறம் ஏ முதல் கே வரையும் வலப்புறம் எல் முதல் யூ வரையும் விரிகின்றன. நடுச் சாலையிலிருந்து விலக விலக எண் கூடிக்கொண்டே போகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு வரைபடமே தேவைப்படாது.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன் கீழே போய் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஜெர்மனியில் அஞ்சல்காரர் பெட்டியில் எழுதியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுகிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஓர் உறையிலும் அதன் ரகசிய எண் வேறோர் உறையிலும், காப்பீட்டு அட்டை, வரி எண் ஆகியவை தனித்தனியாகவும் வரும். நம்மில் பலருக்குத் தந்தையின் பெயரே கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பதால், கடவுச்சீட்டில் உள்ளபடி இரண்டு பெயர்களையும் எழுதுவதே நல்லது. நான் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். கடிதங்கள் அப்பாவின் பெயரில் வந்து திரும்பிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியவே மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்த நாளிலிருந்து வரிசை இது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் ஆன்மெல்டுங். கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஆகிய மூன்றும் தேவை. வாடகை ஒப்பந்தத்தை அந்த உறுதித் தாளுக்குப் பதிலாக ஏற்கமாட்டார்கள். நேரம் முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும் என்பதால், இந்தியாவிலிருந்தபடியே முதல் வாரத்துக்கு ஒரு நேரத்தைப் பிடித்துவையுங்கள். அங்கே கிடைக்கும் பதிவுச் சான்றைக் கொண்டு வங்கிக் கணக்கு; வங்கிக் கணக்கு எண்ணைக் கொண்டு முடக்கக் கணக்கிலிருந்து பணம், காப்பீட்டுக் கட்டணப் பிடித்தம், விடுதி வாடகைப் பிடித்தம்; காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் அனுப்பும் அறிவிப்பைக் கொண்டு மாணவர் பதிவு; மாணவர் பதிவைக் கொண்டு அடையாள அட்டை. எந்தக் கண்ணி அறுந்தாலும் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் நிற்கும். பதிவு செய்ய முடியாத அறை வேண்டாம் என்று முன்பு சொன்னது இதனால்தான்.

முகவரியைப் பதிந்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லை என்று அதைக் கிழித்துப்போடுவது தவறு. ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒருமுறை மாதம் 18.36 யூரோ என்பதே விதி. பகிர்வு வீட்டில் ஒருவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பினால் போதும். பொது நடைவழியில் தனிக் கதவுள்ள விடுதி அறையோ தனி வீடாகவே கணக்கிடப்படும்.

ஆறாம் படி: வகுப்பறை

கால அட்டவணையில் பத்து மணி என்று எழுதி, பக்கத்தில் சி.டி. என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும், எஸ்.டி. என்றிருந்தால் சரியாகப் பத்துக்கு. லத்தீனில் இருந்து வந்த பழைய வழக்கம் இது. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். இருநூறு பேர் ஒரே நேரத்தில் மரப்பலகையைத் தட்டும் அந்த ஒலி முதல் நாளில் திகைக்கவைக்கும். இரண்டாம் வாரத்தில் உங்கள் கையும் தானாகத் தட்டத் தொடங்கிவிடும்.

வருகைப் பதிவு பெரும்பாலான விரிவுரைகளில் இல்லை. நம் கல்லூரிகளில் 75 விழுக்காடு வருகை என்ற கட்டாயத்தில் பழகியவருக்கு இந்தச் சுதந்திரம் ஆபத்தானது. இடைத்தேர்வு, ஒப்படைப்பு, வருகை மதிப்பெண் என்று பருவம் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்க்கும் முறை அங்கே அரிது. பல பாடங்களில் 60 அல்லது 90 நிமிட எழுத்துத் தேர்வு ஒன்றே முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கிறது. விரிவுரையோடு சேர்த்து ஊபுங் எனப்படும் பயிற்சி வகுப்பு நடக்கும். அங்கே கணக்குகளை ஆய்வு மாணவர்கள் செய்து காட்டுவார்கள். நேரம் குறைவாக இருந்தால் விரிவுரையைத் தவறவிட்டாலும் பயிற்சி வகுப்பைத் தவறவிடாதீர்கள். தேர்வுக் கேள்விகளின் சாயல் அங்கேதான் தெரியும். கருத்தரங்கு வகைப் பாடங்கள் இதற்கு நேர்மாறானவை: கட்டுரை, முன்வைப்பு, கட்டாய வருகை எல்லாம் உண்டு, சில வேளைகளில் மூன்று வார இறுதிகளில் முழுப் பாடமும் முடிந்துவிடும்.

குழு வேலையில் ஜெர்மன் மாணவர்கள் முதல் கூட்டத்திலேயே யார் எதை எந்த நாளுக்குள் முடிப்பது என்று எழுதிவிடுவார்கள். "பார்க்கலாம்", "முயற்சி செய்கிறேன்" என்று நாம் மரியாதைக்காகச் சொல்வதை அவர்கள் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முடியாததை முதல் நாளிலேயே முடியாது என்று சொல்வதுதான் அங்கே மரியாதை.

ஏழாம் படி: தேர்வு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குப் பதிவு செய்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் வெவ்வேறு. பருவத்தின் நடுவில், சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும் இணையவாசல் ஒன்றில் ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். வகுப்பில் தவறாமல் உட்கார்ந்திருந்தாலும், பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரிந்திருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லாதவர் தேர்வு எழுத முடியாது. நான் பரிமாற்ற மாணவனாக இருந்தபோது என் குழுவிலேயே மிக நன்றாகப் படித்த ஒரு மாணவி, பாடப் பதிவே தேர்வுப் பதிவு என்று நினைத்திருந்து, தேர்வு அரங்கின் வாசலில் ஒட்டியிருந்த இருக்கைப் பட்டியலில் தன் எண்ணை இரண்டு முறை தேடிவிட்டு, மூன்றாம் முறை விரலை வைத்து வரி வரியாக இறங்கிப் பார்த்தார். எண் இல்லை. ஆறு புள்ளிகளும் அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. பதிவு தொடங்கும் நாளுக்கும் முடியும் நாளுக்கும் கைப்பேசியில் மணி வையுங்கள். பதிந்த பிறகு வரும் உறுதிப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

பதிந்துவிட்டு எழுதாமல் விடுவதும் தோல்விக் கணக்கில் சேரக்கூடும். எழுத விருப்பமில்லை என்றால் விலகும் கெடுவுக்குள் விலக வேண்டும். அன்று உடல்நலமில்லை என்றால் மருத்துவரின் சான்று அன்றைய தேதியிலேயே பெறப்பட்டு உரிய அலுவலகத்துக்கு உடனே போய்ச் சேர வேண்டும். தேர்வு அன்று மாணவர் அட்டையையும் கடவுச்சீட்டையும் மேசையில் வைத்திருங்கள். எந்தக் கணிப்பான் அனுமதிக்கப்படும் என்பதைப் பாட விளக்கத்தில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 60 நிமிடத் தேர்வென்றால் பெரும்பாலும் 60 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் நகர்பவரே முழுத் தாளையும் முடிக்கிறார். பக்கங்களை நிரப்பினால் மதிப்பெண் என்ற நம் பழக்கம் அங்கே செல்லாது. கேட்ட மூன்று காரணங்களை மூன்று வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள்.

முதல் வாய்ப்பில் தவறியவர்களுக்குப் பல பாடங்களில் இரண்டாம் தேர்வு நாள் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் அடுத்த பருவத்தின் வாயிலில் வரும். முடிவு வந்தபின் திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்கும் உரிமையும் உண்டு. ஊர் திரும்பிவிட்ட பரிமாற்ற மாணவர் அதைப் பயன்படுத்துவது கடினம் என்றாலும், ஐயம் இருந்தால் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

நவம்பரில் தொடங்கும் தயாரிப்பு வாரங்களின் மனநிலையையும் சொல்ல வேண்டும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னுக்குத் தள்ளப்படும். டிசம்பரில் மாலை நாலரையை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். வெயிலிலேயே வளர்ந்த நமக்கு அது உடம்பிலும் மனத்திலும் இறங்குகிறது. அறைக்குள் தனியாக அடைந்து படிப்பதைவிட நூலகத்தில் ஓர் இடத்தைப் பிடித்து, பகலில் ஒருமுறையாவது நெக்கார் ஆற்றங்கரைவரை நடந்துவிட்டு, மென்சா எனப்படும் மாணவர் உணவகத்தில் யாருடனாவது சேர்ந்து சாப்பிடுங்கள். சைவ உணவு அங்கே நாள்தோறும் கிடைக்கிறது.

எட்டாம் படி: வேலையும் பயணமும்

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யும் அனுமதி 2024 மார்ச் முதல் உள்ளது. எனினும் நான்கு மாதப் பருவத்தில் வேலை தேடி, வரி எண் வரக் காத்திருந்து, பழகி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும். வேலை வருமானத்தை நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள். பயணத்துக்கு, தேசிய விசாவோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை இருக்கலாம். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு நாடு முழுவதும் செல்லும் மாதாந்தரச் சீட்டில் மாணவருக்குச் சலுகை விலை கிடைக்கிறது. அதில் விரைவு ரயில்கள் சேராது, வட்டார ரயில்கள் சேரும். ஹைடெல்பெர்க் பதினைந்து இருபது நிமிடம்தான்.

ஒன்பதாம் படி: கிளம்பும்போது

ஜெர்மனியில் எந்தச் சேவையும் நீங்கள் ஊரைவிட்டுப் போவதால் தானாக நின்றுவிடாது. கைப்பேசி இணைப்பு, உடற்பயிற்சி நிலையம் போன்றவற்றுக்கு எழுத்தில் முன்னறிவிப்புத் தர வேண்டும். மாதாந்தரப் பயணச் சீட்டையும், எந்த மாதத்தோடு நிற்க வேண்டுமோ அந்த மாதத்தின் பத்தாம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்கிக்கொள்ளலாம். ஆப்மெல்டுங் என்ற அந்தச் சான்றே வானொலிக் கட்டணத்தையும் காப்பீட்டையும் நிறுத்துவதற்கு ஆதாரம் என்பதால், அதை ஒளிப்படம் எடுத்து இரண்டு இடங்களுக்கும் அனுப்புங்கள். மாணவர் பதிவு நீக்கச் சான்றையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

அறையை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு சுவரையும் அடுப்பையும் குளியலறையையும் ஒளிப்படம் எடுத்து, ஒப்படைப்புத் தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் உடனே வராது. மின்சாரம், சூடேற்றல் கணக்கு முடிந்து வர மாதங்கள் ஆகலாம். ஆகவே வங்கிக் கணக்கை மட்டும் கிளம்பும் நாளில் மூடாதீர்கள். முன்பணம் வந்து சேர்ந்து, கடைசிப் பிடித்தமும் போன பின்னர் இணைய வழியில் மூடினால் போதும். மதிப்பெண் பட்டியல் பிப்ரவரியை ஒட்டி வரும். அது வந்ததும், கையெழுத்து வாங்கி வைத்த பாட ஒப்பந்தத்தையும் மதிப்பெண் மாற்றுக் கணக்கையும் அதனோடு சேர்த்து ஒரே உறையில் உங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.